முடக்குவாதம்: தெரிந்துகொள்ளவும் கைகொடுக்கவும் நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

திருப்பூர், ஈரோடு பக்கம் முடக்குவாதத்தோடு வாழும் சிலரும் அவர்களுடைய குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு எங்களுடையது. மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு, ரத்தப் பரிசோதனை, மருந்து என்று நோயாளிகளுக்கு மாதாமாதம் உதவுகிறோம். எனக்கும் இந்த நோய் உண்டு. நன்கொடை கேட்டுப் போகும் இடங்களிலும், கல்லூரிகளிலும், பனியன் கம்பெனிகளிலும் திரும்பத் திரும்ப எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. நோய் பற்றிச் சொல்லியிருப்பதெல்லாம் பொதுவான விவரம். யாருக்கு எந்த மருந்து என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வயதானால் எல்லோருக்கும் வரும் மூட்டுவலிதானே இது?

இல்லை. வயதாக ஆக முழங்கால் தேய்ந்து வலிப்பது வேறு. முடக்குவாதத்தில் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. மருத்துவர்கள் இதை ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், சீட்டில் சுருக்கமாக ஆர்.ஏ. என்று எழுதுவார்கள். கிராமத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பதும் பெரும்பாலும் இதைத்தான். மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு வீங்கித் தடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. மூட்டோடு நிற்பதும் இல்லை. கண் வறண்டு போகலாம், நுரையீரலில் தழும்பு விழலாம், மாரடைப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

எந்த வயதிலும் வரும் என்றாலும், நிறையப் பேருக்கு முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் தொடங்குகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் வயது அது. 1967-ல் உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்த தென்னாப்பிரிக்க டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டுக்கு முப்பதுகளிலேயே இந்த நோய் வந்தது. கை விரல்கள் ஒத்துழைக்காமல் போகவே 1983-ல் அவர் அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டார்.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்க 1 கோடியே 80 லட்சம் பேர். அதில் 70 சதவீதம் பேர் பெண்கள். இந்தியாவில், ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் எடுத்த ஓர் ஆய்வு 1993-ல் வெளியானது; பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இருப்பதாக அது சொன்னது. அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டாலும், ஆயிரம் பெரியவர்கள் இருக்கிற ஊரில் ஏழெட்டுப் பேர். உங்கள் தெருவில் ஒருவராவது இருக்கக்கூடும்.

கை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, அப்படி என்ன வலி?

மாமியார் கேட்கிறார், மேஸ்திரி கேட்கிறார், சில நேரம் டாக்டரே கேட்கிறார். முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. விரல் கணுக்கள் கொஞ்சம் புடைத்திருக்கும், மோதிரம் இறுகும், அவ்வளவுதான்.

காலை ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் தெரியும். கையை மூட வராது. பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத்தான் திறக்க வேண்டும். குழாயைத் திருக விரல் போதாமல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்துவோம். ரவிக்கைக் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டும். அவள் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் இருப்பாள். துணியைப் பிழிய முடியாததால் சொட்டச் சொட்ட அப்படியே கொடியில் போடுவோம். கட்டிலிலிருந்து இறங்கிப் பாதத்தை ஊன்றும்போது கூழாங்கல் மேல் நிற்பதுபோல் இருக்கும். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். பதினொரு மணிக்குப் பார்க்க வரும் உறவுக்காரருக்கு நாங்கள் நன்றாகத்தான் தெரிவோம்.

வலியோடு களைப்பும் உண்டு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. நோய் உடம்புக்குள் ஓயாமல் அழற்சியை உண்டாக்குவதும், கூடவே வரும் ரத்தசோகையும் அதற்குக் காரணம். சோம்பேறித்தனம் என்று பேர் வாங்கிய பெண்கள் எங்கள் குழுவில் நிறைய.

எந்த அறிகுறி தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும்?

கை விரல்கள், மணிக்கட்டு, பாத விரல்கள் ஆகிய சிறு மூட்டுகள் வீங்குவது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருப்பது. இவை ஆறு வாரம் தாண்டியும் போகாமல் இருப்பது. கைகுலுக்கும்போது யாராவது விரல்களைச் சேர்த்து அழுத்தினால் உயிர் போகிறாற்போல் வலித்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் தாமதத்துக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது, சிக்குன்குனியா. 2006-ல் தமிழ்நாட்டை உலுக்கியதிலிருந்து, மூட்டு வீங்கினாலே ‘அந்தக் காய்ச்சலோட மிச்சம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டுவலி நீடிப்பது உண்மைதான். ஆனால் மூன்று மாதமாகியும் வீக்கம் வடியவில்லை என்றால் கண்டிப்பாக மூட்டுநோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால்சியம் குறைவு, மாதவிடாய் நிற்கும் காலம், மிஷின் மிதித்த அலுப்பு என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களும் உண்டு.

ஏன் இவ்வளவு அவசரம்?

எலும்பு அரிப்பு ஆரம்பத்திலேயே தொடங்கிவிடுகிறது, அரித்தது திரும்ப வளராது. அறிகுறி தெரிந்த முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் நோய் அடங்கிப்போகும் வாய்ப்பு மிக அதிகம். இரண்டு வருடம் கழித்து அதே மருந்து வேலை செய்தாலும் வளைந்த விரல் வளைந்ததுதான். நாங்கள் விழிப்புணர்வு என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவது முழுக்க இந்த ஆறு மாதத்துக்காகத்தான்.

குணமாகுமா?

அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கி வைக்க முடியும். நோய் இருப்பதே தெரியாத அளவுக்கு அடங்கி, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, பேரன் பேத்தி பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலையை எட்டுவதுதான் சிகிச்சையின் இலக்கு. பாதி வலி குறைந்ததும் திருப்திப்பட்டு நிறுத்துவது அல்ல.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரைக்கு. அமெரிக்காவில் 1988-ல் இந்த நோய்க்கு அதை அங்கீகரித்தார்கள். இன்றும் உலகம் முழுக்கச் சிகிச்சை பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. கூட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனமைடு என்று சில. இவை போதாதவர்களுக்கு 1998-லிருந்து உயிரியல் மருந்துகள் என்கிற ஊசிகள் வந்தன.

அது புற்றுநோய் மருந்தாமே? அதுவும் வாரத்துக்கு ஒரு நாள்தானாமே?

இரண்டுமே உண்மை, இரண்டையுமே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் முதலில் புற்றுநோய்க்கு வந்த மருந்துதான். அங்கே கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் மூட்டுக்குக் கொடுப்பது மிகமிகக் கொஞ்சம். பொதுவாக வாரத்துக்கு 25 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அளவு குறையும்போது அது வேலை செய்யும் விதமே வேறு. மகன் செல்போனில் தேடிப் பார்த்து, ‘அம்மா, இது கேன்சர் மாத்திரை’ என்றதும் பயந்து குப்பையில் போட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

வாரம் ஒரு நாள் என்பது உயிர் சம்பந்தப்பட்டது. தினமும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் சரியும், வாயெல்லாம் புண்ணாகும், உயிரே போகலாம். தவறு நடப்பது எளிது: மற்ற எல்லா மாத்திரையும் தினசரி, இது மட்டும் வாரம் ஒன்று. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாத்திரை அட்டையின் மேல் ‘ஞாயிறு மட்டும்’ அல்லது ‘வெள்ளி மட்டும்’ என்று கறுப்பு மையில் எழுதி, நாள்காட்டியில் அந்தக் கிழமையை வட்டம் போட்டுக் கொடுக்கிறோம். படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் மறக்காத ஒன்றோடு முடிச்சுப் போடுவோம்: சந்தை நாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். கூடவே எழுதித் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை விடக் கூடாது. குறித்த இடைவெளியில் ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் வேண்டும். மது கூடாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் கண் விழித்திரையையும் மருத்துவர் சொல்கிறபடி பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

முடக்கத்தான் கீரை, சித்த மருந்து?

முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், நல்ல கீரைதான். எலும்பு அரிப்பைத் தடுக்க அதை நம்பி இருக்காதீர்கள். சித்த மருத்துவம் பார்ப்பதானால் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம், அரசு மருத்துவமனையிலேயே இருக்கும் சித்தப் பிரிவில் பாருங்கள். இரண்டு மருத்துவரிடமும் மற்றவர் கொடுக்கும் மருந்தைச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம்.

ஒரு பொடி சாப்பிட்டேன், மூன்றே நாளில் வலி போய்விட்டதே?

பெயர் இல்லாத பொட்டலம், லேபிள் இல்லாத மாத்திரை, என்ன மருந்து என்று சொல்லாமல் போடும் ஊசி. இவற்றில் மூன்றே நாளில் அற்புதம் நடந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

ஸ்டீராய்டு அப்படித்தான் வேலை செய்யும். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச், படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950-ல் நோபல் பரிசும் வந்தது. பிறகுதான் விலை தெரிந்தது: முகம் ஊதியது, சர்க்கரை ஏறியது, எலும்பு பொடிந்தது, தொற்று பிடித்தது, நிறுத்தினால் வலி திரும்ப வந்தது. இன்றும் மருத்துவர்கள் ஸ்டீராய்டு தருகிறார்கள், ஆனால் கொஞ்ச நாளைக்கு, குறைந்த அளவில், மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கும் வரை. தெரியாமல் வருடக்கணக்கில் சாப்பிட்டால், உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். அப்புறம் அந்தப் பொடியைச் சட்டென்று விடுவதுகூட ஆபத்து. மருத்துவரிடம் சொல்லி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

‘வாதத்தை அடியோடு குணப்படுத்துகிறோம்’ என்று சுவரில் ஒட்டுவதும் டிவியில் சொல்வதும் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் வாத நோயும் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அப்புறம் எதற்கு நிதி?

நன்கொடை கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் இதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அடிப்படை மாத்திரைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு, இணைப்புத் திசு நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வெளியில் வாங்கினாலும் மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மூன்றும் சேர்ந்து மாதம் சில நூறு ரூபாய்தான். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இன்னும் குறையலாம்.

ஆனாலும் சிகிச்சை பாதியில் நின்றுபோகிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் ஒரு டெய்லரின் ஒரு நாளைச் சொல்கிறேன். காங்கேயத்துக்கு அந்தப்பக்கம் வீடு. மூட்டுநோய் மருத்துவர் உட்காரும் நாள் வாரத்தில் ஒன்றோ இரண்டோ. அன்றைக்கு விடிகாலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும், அவருக்குக் கை மூட வராத நேரம் அது. வெள்ளைப் பலகை டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். படி ஏறப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் கணவரும் லீவு. ஆக இரண்டு பேருக்கு பஸ், இரண்டு பேருக்குச் சாப்பாடு, இரண்டு பேருடைய கூலியும் போச்சு. ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்கு வா என்றால் மறுபடி இதே செலவு. அதனால் வெளி லேபில் காசு கொடுத்து எடுத்துக்கொண்டு போகிறார். மூன்று முறை இப்படிப் போய்வந்தால் நாலாவது முறை, ‘இப்போ பரவாயில்லை, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று தோன்றும். மாத்திரை தீரும். ஆறு வாரத்தில் நோய் திரும்பும். அதற்குள் பக்கத்துத் தெருவில் ஊசி போடுகிறவர் இருக்கிறார், ஐந்து நிமிட நடை.

எங்கள் பணம் இந்த இடத்துக்குத்தான் போகிறது. இரண்டு பேருக்குப் பயணப்படி, போகும் நாளின் கூலியில் ஒரு பகுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுப் பக்கத்து லேபிலேயே ரத்தப் பரிசோதனை, மருந்தகத்தில் இருப்பு இல்லாத மாதம் வெளியில் வாங்க மருந்துக் காசு. ஒருவருக்கு மாதக் கணக்கில் பிரித்தால் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே?

ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை வரும் அந்தத் திட்டம் நல்ல திட்டம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு எங்கள் ஆட்களே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் சாப்பிடும் மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் அதில் வழி இல்லை. தனியார் காப்பீடுகளும் பெரும்பாலும் அப்படித்தான். மூட்டு நாசமான பிறகு லட்ச ரூபாய் கிடைக்கிறது, நாசமாகாமல் காப்பாற்ற நூறு ரூபாய் கிடைப்பதில்லை. எனக்கு இதில் ஆற்றாமை அதிகம். அரசிடம் மனு கொடுக்கும்போதெல்லாம் மூட்டுநோய்ப் புறநோயாளிகளுக்குப் பயணப்படி கேட்கிறோம்.

மூட்டுகள் ஏற்கெனவே முடங்கியவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2016 சட்டப்படி குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி வரும். பரிசோதனைக்கு அழைத்துப் போவது, படிவம் நிரப்புவது ஆகியவற்றுக்கும் ஆள் வேண்டும். பணம் தர முடியாதவர்கள் இதைச் செய்யலாம்.

விலை உயர்ந்த ஊசி தேவைப்படும் ஒருவருக்குக் கொடுப்பதா, அதே பணத்தைப் பலருக்குப் பிரிப்பதா?

மனசாட்சியை உறுத்தும் கேள்வி. உயிரியல் மருந்துகள் ஒரு தவணைக்கே பல ஆயிரம் ரூபாய். ஒருவருடைய ஒரு வருட ஊசிக்கான பணத்தில் எத்தனையோ பேருடைய போக்குவரத்தையும் பரிசோதனையையும் பார்த்துக்கொள்ளலாம். பொதுநிதி முதலில் பலருக்கு என்பதே எங்கள் முடிவு. ஊசி கட்டாயம் தேவை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அந்த நபருக்கென்று தனியாகக் கேட்கிறோம்.

கேட்கும் முன் சிலவற்றைப் பார்ப்போம். வழக்கமான மாத்திரைகளை முழு அளவில், போதுமான காலம் சாப்பிட்டுப் பார்த்தாயிற்றா? நிறையப் பேருக்கு ஊசி தேவைப்படுவதே இடையில் மாத்திரை நின்றதால்தான். அதே ஊசியின் இந்தியத் தயாரிப்பு கிடைக்குமா? அடாலிமுமாப் என்ற உயிரியல் ஊசிக்கு உலகிலேயே முதல் மாற்றுத் தயாரிப்பு 2014-ல் இந்தியாவில்தான் வந்தது. டோஃபாசிட்டினிப் மாதிரி மாத்திரை பொருந்துமா, அதன் இந்தியத் தயாரிப்புகள் ஊசியைவிட மலிவு. உடம்புக்குள் உறங்கும் காசநோய் உண்டா என்று சோதித்தாயிற்றா? நம் நாட்டில் அதைப் பார்க்காமல் இந்த மருந்துகளைத் தொடங்கவே கூடாது.

நான் மாதம் நூறு ரூபாய்தான் தர முடியும். அதனால் என்ன ஆகிவிடும்?

ஒரேயடியாகத் தரும் பத்தாயிரத்தைவிட விடாமல் வரும் நூறு எங்களுக்குப் பெரிது. விபத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஒரு முறை திரட்டினால் வேலை முடியும். இந்த நோய்க்கு முடிவுத் தேதி கிடையாது. அடுத்த மார்ச்சில் பஸ் காசு இருக்கும் என்று தெரிந்தால்தான் ஒருவரை நாங்கள் பட்டியலில் சேர்க்க முடியும். ஆறு மாதம் கொடுத்துவிட்டுக் கையை விரித்தால் அவர் நிலைமை முன்பைவிட மோசம். நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நோயாளியை ஏற்றுக்கொண்டால் அதுவே போதும்.

வளைந்த கைகளைப் படம் பிடித்துப் போட்டால் பணம் குவியுமே?

குவியும். நாங்கள் போடுவதில்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர், முடக்குவாதம் என்றால் கை அப்படி வளைந்திருக்கும் என்று மனதில் பதித்துக்கொள்கிறார். விரல் கணு லேசாகப் புடைத்த நிலையில் இருக்கும் முப்பத்திரண்டு வயதுப் பெண் தன் கையையும் அந்தப் படத்தையும் பார்த்து, நமக்கு அது இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறாள். நிதிக்காகப் போட்ட படம் விழிப்புணர்வைக் கெடுத்துவிடுகிறது. இன்னொன்று, மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அம்மாவின் கை ஊரெல்லாம் சுற்றுவதை யாரும் விரும்பமாட்டார்கள். முகமோ பெயரோ போடுவதற்கு ‘சரி’ என்று சொன்னவரிடமும் ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கிறோம்.

ரசீது, வரிவிலக்கு?

எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் முறையான ரசீது கேளுங்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிவிலக்கு, அதற்கான பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு மட்டுமே பொருந்தும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. தனி ஒருவருக்காக யாராவது திரட்டுகிறார்கள் என்றால் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி, அந்த மருத்துவமனைக் கணக்கிலேயே நேரடியாகக் கட்டுங்கள்.

சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பலாமா?

பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு செய்த, அல்லது முன் அனுமதி பெற்ற அமைப்புகள் மட்டுமே அவர்களிடம் வாங்கலாம். அதுவும் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. ஆசையாகக் கேட்கும் அண்ணன் தம்பிகளிடம், பதிவுள்ள மருத்துவமனை அறக்கட்டளைக்குக் கொடுங்கள் என்றே சொல்கிறோம்.

ஊரில் இலவச ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தலாமா?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆர்.ஏ. ஃபாக்டர் சோதனை, நோயே இல்லாதவர்களில் நூற்றுக்குச் சிலருக்குப் பாசிட்டிவ் காட்டும். நோய் இருப்பவரோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் எடுத்தால் பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோர் நோயில்லாதவர்களாக இருப்பார்கள், வீணாகப் பயந்து அலைவார்கள். மறுபக்கம், நோய் உள்ளவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்காவது நெகட்டிவ் வரும்; அவர் நமக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பணத்தில் அறிகுறி பார்த்து அனுப்பத் தெரிந்த ஆட்களைத் தயார் செய்யலாம்.

அப்படியானால் விழிப்புணர்வுக்கு எங்கே, எப்போது பேசுவது?

முப்பதிலிருந்து ஐம்பது வயதுப் பெண்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்தில். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், கம்பெனியில் மதியச் சாப்பாட்டு வேளை, நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் நிழலில் உட்காரும் நேரம். மண்டபம் பிடித்து, குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போட்டு நடத்தும் கூட்டத்துக்கு நோயாளி வருவதில்லை, வர அவருக்குக் கால் ஒத்துழைக்காது.

அக்டோபர் 12 உலக மூட்டழற்சி நாள். அதற்குப் பத்து நாள் முன்னால் அக்டோபர் 2 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராமசபை கூடும். அன்றைக்கு ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். கிராம சுகாதாரச் செவிலியரையும், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பணியாளர்களையும் தனியே பாருங்கள். இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்பும் வழி அந்தத் திட்டத்தில் உண்டு. மருந்துக் கடைக்காரரை மறக்காதீர்கள்: மூன்றாவது மாதமும் அதே வலி மாத்திரை வாங்க வரும் பெண்ணை முதலில் பார்ப்பது அவர்தான். பனியன் கம்பெனி வாசலில் இருக்கும் ஒரு கடைக்காரர் எங்களிடம் அனுப்பியவர்கள் எந்த முகாமிலும் கிடைத்திருக்கமாட்டார்கள்.

இந்த நோய் இருந்தால் கல்யாணம், குழந்தை?

இரண்டும் முடியும். முடக்குவாதம் ஒட்டுவாரொட்டி அல்ல. பரம்பரையில் ஓரளவு வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வருவதில்லை.

குழந்தைக்கு முன்னால் திட்டமிட வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டும் லெஃப்ளுனமைடும் கருவைப் பாதிக்கும், கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் தொடரலாம். கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் தானே தணிந்து, பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் மறுபடி தலைதூக்கும். கைக்குழந்தையைத் தூக்க முடியாமல் தவிக்கும் அந்த மாதங்களில்தான் வீட்டார் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாத்திரை டப்பாவை ஒளித்து, கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமே என்று மாத்திரையையே நிறுத்திய பெண்கள் உண்டு. பெற்றோரே, தயவுசெய்து சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொன்னால் ஒரு வரன் தட்டிப்போகலாம். மறைத்தால் மகளின் கை போகும்.

குழந்தைகளுக்கும் வருமா?

பதினாறு வயதுக்குள் வரும் மூட்டழற்சி தனி வகை, அதற்குக் குழந்தை மூட்டுநோய் நிபுணரையும் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும். ‘வளர்ற வலி’ என்று வாரக்கணக்கில் விட வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒருவருக்குச் சந்தேகமாக இருக்கிறது. முதலில் எங்கே போவது?

பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மூட்டுநோய்ப் பிரிவு இருக்கிறதா, எந்தக் கிழமை என்று கேளுங்கள். இல்லையென்றால் பொது மருத்துவத்தில் காட்டினால் அனுப்பிவைப்பார்கள். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் இரண்டிலும் இதற்கென்று துறை உண்டு. காலை நேரத்து வீக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். மதியம் டாக்டர் பார்க்கும்போது அது வடிந்திருக்கலாம். இதுவரை சாப்பிட்ட எல்லா அட்டையையும், பெயர் தெரியாத பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். புகைபிடிப்பவராக இருந்தால் அன்றே விடச் சொல்லுங்கள், நோயைத் தூண்டுவதில் அதற்கும் பங்குண்டு.

பணத்துக்குப் பதில் பொருளாகவோ, மீந்த மாத்திரையாகவோ தரலாமா?

மீந்த மாத்திரை வேண்டாம். அளவு ஆளுக்கு ஆள் மாறும், முக்கியமாக மெத்தோட்ரெக்ஸேட்டைக் கைமாற்றவே கூடாது.

பொருளில் நாங்கள் கேட்பது: கழிவறையில் வைக்கும் கமோடு நாற்காலி (குத்துக்காலிட்டு உட்கார முடியாதவர்கள் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள்), கையால் தட்டினாலே திறக்கும் நீள்பிடிக் குழாய், தடிமனான பிடி வைத்த கத்தியும் கரண்டியும், மணிக்கட்டுக்குப் போடும் பட்டை. பட்டையை மட்டும் இயன்முறை மருத்துவர் அளவு பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள். குழாய் வாங்கித் தருகிறவர்கள் முடிந்தால் பிளம்பர் கூலியையும் சேர்த்தே கொடுங்கள். மாட்ட ஆள் இல்லாமல் புதுக் குழாய் பெட்டியிலேயே கிடக்கும் வீடுகள் இருக்கின்றன.